ஒரே அரசு, இரண்டு கட்டணம்

காவிரிக் கரைக் கல்லூரிகள் – தொடர் கட்டுரை: 14

கல்லூரிக் கட்டணத்தை எதிர்த்து எழும் மாணவர் போராட்டங்கள் தொகையைப் பற்றியவையாகவே வெளியில் தெரிந்தாலும், அவற்றுள் நிலைத்த பயன் கண்டவை எவை என்று பார்த்தால், தொகைக்குப் பின்னால் நிற்கும் உடைமையைப் பற்றிக் கேள்வி எழுப்பியவை முன்னிற்கின்றன. கட்டணம் அதிகம், குறைத்துத் தாருங்கள் என்பது சலுகை கேட்கும் விண்ணப்பம். ஒரு சிறு தள்ளுபடியோ ஓராண்டு ஒத்திவைப்போ அதை அடக்கிவிடும். இந்தக் கல்லூரி அரசுடையது என்றால் மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணம் இங்கே பொருந்தாதது ஏன் என்பது கணக்குக் கேட்கும் வழக்கு. அதை அரசாணையால்தான் முடித்துவைக்க இயலும். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 பிப்ரவரி வரை சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நடத்திய போராட்டம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே நடந்த அப்போராட்டத்தின் காரணங்களையும் முடிவையும் அறிவது, புதிய பல்கலைக்கழகம் ஒன்றை எதிர்பார்த்திருக்கும் கும்பகோணத்துக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது.

அரசுக் கல்லூரியும் சம்பளமும்

அரசுக் கல்லூரி என்றாலே குறைந்த கட்டணம் என்ற எண்ணம் இன்று இயல்பானதாகத் தோன்றினாலும், அது வரலாற்றில் மிகப் பிந்தி வந்தது. 1854-இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கல்லூரியாக வளர்ந்த கும்பகோணம் அரசுக் கல்லூரி, ஆங்கிலேய அரசின் நேரடி நிர்வாகத்தில் இருந்தபோதும், அக்காலத்தில் சம்பளம் என்று வழங்கப்பட்ட கல்விக் கட்டணத்தை மாணவரிடம் தவறாமல் வாங்கியது. 1904-இல் உதவித்தொகையுடன் அங்கே சேர்ந்த கணிதமேதை ராமானுஜன் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பருவத்துக்கு 32 ரூபாய் கட்ட வேண்டியிருந்த அந்தக் கல்லூரியில், துணிக்கடைக் கணக்கரான தந்தையின் மாத வருவாயோ ஏறத்தாழ 20 ரூபாயாக இருந்தமையால், அவருடைய படிப்பு அங்கே தொடரவில்லை. உதவித்தொகை என்பது திறமைக்கு அளிக்கப்படும் பரிசு என்பதால், ஒரு தாளில் சறுக்கினாலும் திரும்பப் பெறப்படும் இயல்புடையது; கட்டண விலக்கு என்பது மாணவர் அனைவருக்கும் உரியது என்பதால் அத்தகைய நிபந்தனைக்கு உட்படுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கத் தமிழ்நாட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

காமராசர் ஆட்சியில் பள்ளிக் கல்வியில் தொடங்கிய கட்டண விலக்கு பிந்தைய ஆட்சிகளில் படிப்படியாக விரிந்து, 2007-08ஆம் கல்வியாண்டில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் படிப்புகளை எட்டியது. 2010-11 முதல், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவர் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால் அவருடைய கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் வந்தது. இத்தகைய முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான், அரசு நடத்தும் கல்லூரியில் கட்டணம் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது பொதுமக்கள் மனத்தில் ஓர் உரிமையாக வேரூன்றியது. சிதம்பரத்து மாணவர்கள் தங்கள் வாதத்தை எழுப்பியது இந்த அடித்தளத்தின்மேல்தான்.

அரசு ஏற்ற பல்கலைக்கழகம்

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1929-இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அரசின் நிதியுதவியைப் பெற்றாலும் நிர்வாகத்தில் நிறுவனர் குடும்பத்தின் செல்வாக்கு நிலைத்திருந்த தனித்தன்மையான அமைப்பு. அதன் மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கப்பட்டது. தொலைநிலைக் கல்வியால் பெருகிய வருவாயை நம்பி ஏறத்தாழ 12,000 பேரைப் பணியில் வைத்திருந்த பல்கலைக்கழகம், 2012-ஐ ஒட்டிச் சம்பளம் வழங்கவே திணறும் நிலைக்கு வந்தது. 2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சிவதாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட புதிய சட்டத்தின் வழியே பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

உடைமை மாறியது, கட்டணம் மாறவில்லை. மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாக உயர்கல்வித் துறையின்கீழ் நீடித்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளோ மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் இயங்குபவை. உயர்கல்வித் துறையின்கீழிருந்த கல்லூரி தன் செலவைத் தன் வருவாயில் ஈடுகட்ட வேண்டும் என்ற சுயநிதிக் கணக்கு, அதாவது அரசு மானியத்தை நம்பாமல் மாணவர் கட்டும் பணத்தைக்கொண்டே கல்லூரியை நடத்தும் முறை, அரசு ஏற்ற பின்னரும் அங்கே தொடர்ந்தது. இதன் விளைவாக, ஒரே நீட் தேர்வை எழுதி, அரசின் ஒரே கலந்தாய்வில் இடம்பெற்ற இருவரில், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போனவர் ஆண்டுக்கு 13,610 ரூபாயும், சிதம்பரத்துக்குப் போனவர் ஏறத்தாழ 5.4 லட்சம் ரூபாயும் கட்டினர். முதுநிலை மருத்துவத்தில் இத்தொகை 9 லட்சத்தையும் தாண்டியது.

நெல்லில் அளந்தால்

நாற்பது மடங்கு வேறுபாடு என்பதன் பொருள் டெல்டாவின் கணக்கில் இன்னும் தெளிவாகும். 2020-21 கொள்முதல் பருவத்தில், உழவரிடமிருந்து அரசு இடைத்தரகரின்றி நெல் வாங்கும் நேரடிக் கொள்முதல் நிலையங்களில், சன்னரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 1,958 ரூபாய் தரப்பட்டது. அந்த விலையில் தஞ்சாவூர்க் கட்டணம் 7 குவிண்டால் நெல்லுக்குச் சமம்; சிதம்பரத்துக் கட்டணமோ 275 குவிண்டாலுக்குச் சமம். ஏக்கருக்கு 20 முதல் 25 குவிண்டால் விளைச்சல் என்று கொண்டால், விதை, உரம், உழவு, நடவு, அறுவடை என எந்தச் செலவையும் கழிக்காமலேயே, 11 முதல் 14 ஏக்கரின் ஒரு போக விளைச்சல் முழுவதும் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்துக்குப் போய்விடும். டெல்டாவின் உழவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து ஏக்கருக்கும் குறைவான நிலம் உடையவர்கள்.

கடன் இருக்கிறதே என்ற விடைக்கும் இந்த மண்ணில் ஒரு தடை உண்டு. வங்கிகளின் அன்றைய கல்விக்கடன் விதிமுறையில் 4 லட்சம் வரை பிணை தேவைப்படவில்லை, 7.5 லட்சத்துக்கு மேல் சொத்தை ஈடாகக் காட்ட வேண்டியிருந்தது. முழுப் படிப்புக்கும் 20 லட்சத்துக்கு மேல் தேவைப்பட்டபோது, வயலோ வீட்டுமனையோ பத்திரமாக வங்கிக்குப் போயாக வேண்டியிருந்தது. கும்பகோணம், மயிலாடுதுறைச் சுற்றுவட்டாரத்தில் கோயில்களுக்கும், திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் போன்ற மடங்களுக்கும் உரிய நிலங்கள் மிகுதி. அவற்றைத் தலைமுறைகளாகக் குத்தகைக்கு உழுது வருபவரால், சாகுபடி செய்யும் நிலம் எவ்வளவு இருந்தாலும், அதில் ஒரு குழியைக்கூட அடமானம் வைக்க இயலாது. கூலி உழைப்பை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஈடு வைக்க எதுவுமே இல்லை.

ஐம்பது நாள்களைக் கடந்து

மருத்துவக் கல்லூரியைக் கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியாக மாற்றப்போவதாக அரசு முன்னரே அறிவித்திருந்தும் கட்டணம் பழையபடியே கேட்கப்பட்டதால், 2020 டிசம்பரின் இரண்டாம் வாரத்தில் இளநிலை மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் வளாகத்திலேயே தொடர் போராட்டத்தில் இறங்கினர். அந்தக் காலப்பின்னணி கவனிக்கத்தக்கது. கொரோனாத் தொற்றின் முதல் அலை தணிந்துவந்த அந்த மாதங்களில், மருத்துவ மாணவரின் உழைப்பை அரசும் மக்களும் வெளிப்படையாகப் போற்றிவந்தனர். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்து, அதன்வழி தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவரின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2020 நவம்பரில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்திருந்தார். தனியார் கல்லூரி மாணவர் சிலருக்குக் கட்டணம் செலுத்த முன்வந்த அரசு, தன் பெயரிலேயே உள்ள கல்லூரியில் தனியார் அளவுக்குக் கட்டணம் வாங்குவது எவ்விதம் பொருந்தும் என்ற கேள்வி இதனால் மேலும் கூர்மை பெற்றது.

2021 ஜனவரி மூன்றாம் வாரத்தில் நிர்வாகம் கல்லூரிக்குக் காலவரையற்ற விடுமுறை அறிவித்து, விடுதிகளைக் காலி செய்யுமாறு உத்தரவிட்டது. விடுதிகளில் உணவும் மின்சாரமும் குடிநீரும் நிறுத்தப்பட்டதாக எழுந்த புகார், அதுவரை கல்லூரி வளாகத்துக்குள் இருந்த சிக்கலை மாநில அரசியலுக்குள் கொண்டுவந்தது, எதிர்க்கட்சிகள் கண்டித்தன. மாணவர்கள் கலைந்து செல்லவில்லை. ஜனவரி இறுதியில், கல்லூரியை உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றும் அரசாணை வெளியானது. துறை மாறினால் கட்டணமும் மாறும் என்பது அந்த ஆணையில் தெளிவாகச் சொல்லப்படாததால் மாணவர்கள் அதனோடு நிறைவடையவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் வந்த அடுத்த ஆணையில் எம்.பி.பி.எஸ். கட்டணம் 13,610 ரூபாய் என்று எண்ணிலேயே எழுதப்பட்டது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில், சாலைப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கிப் பின்னர் அரசின் கைக்கு வந்த மருத்துவக் கல்லூரியிலும் இதே வாதத்தை மாணவர்கள் எழுப்பியிருந்தனர். அங்கும் கட்டணம் அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது.

முதல் ஆணையோடு மாணவர்கள் எழுந்து போயிருந்தால், மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் அதே பழைய கட்டணத்துடன் கல்லூரி சில ஆண்டுகள் தொடர்ந்திருக்கக்கூடும். 2013-இல் நடந்ததும் அதுவே அல்லவா? உடைமை மாற்றமும் கட்டண மாற்றமும் தனித்தனி முடிவுகள் என்பதை ஏழாண்டு அனுபவத்தால் அறிந்திருந்தவர்கள், இரண்டாவதும் எழுத்தில் வரும்வரை காத்திருந்தனர்.

பிற நாடுகளில்

இந்த வழிமுறையின் தனித்தன்மை பிற நாட்டுப் போராட்டங்களோடு ஒப்பிட்டால் விளங்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2012-இல் பல மாதங்கள் நீடித்த மாணவர் வேலைநிறுத்தமும், தென்னாப்பிரிக்காவில் 2015-இல் பல்கலைக்கழகங்களை ஸ்தம்பிக்கச் செய்த கட்டண எதிர்ப்பு இயக்கமும், அறிவிக்கப்பட்ட உயர்வைத் திரும்பப் பெறச் செய்தன. ஆயினும் பழைய கட்டணம் அப்படியே நின்றதால், உயர்வு பற்றிய பேச்சு பின்னர் மீண்டும் தலைதூக்க இடமிருந்தது. இலங்கையில், கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1940-களில் கொண்டுவந்த இலவசக் கல்வியை அரணாகக் கொண்ட மருத்துவ மாணவர்கள், மாலபேயில் கட்டணம் வாங்கி நடந்த தனியார் மருத்துவக் கல்லூரியின் இருப்பையே எதிர்த்தனர். 2017-இல் அதைக் கலைப்பதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. அங்கும் வழக்கு தொகையைக் கடந்து, மருத்துவக் கல்வி யாருடைய பொறுப்பு என்ற இடத்துக்குச் சென்றது. சிதம்பரம் இந்த வகையில் மாலபேக்கே நெருங்கியது.

எதிர்வாதமும் எஞ்சிய தலைப்புகளும்

பிற்காலத்தில் நல்ல வருவாய் ஈட்டப்போகும் மருத்துவரின் படிப்புச் செலவை, கடையில் தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிற கூலித் தொழிலாளி ஏன் சுமக்க வேண்டும் என்ற எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குறைந்த கட்டணத்தின் பயன் ஏழைக்குச் சேர வேண்டுமானால் அந்தக் கல்லூரிக்குள் ஏழை நுழைந்திருக்க வேண்டும். நீட் பயிற்சிக்கே பெருந்தொகை செலவிடுபவர் மட்டும் நுழைந்தால் 13,610 ரூபாய் என்பது வசதியுள்ளவருக்கான மானியமாகிவிடும். ஆகவே கட்டணக் குறைப்பும் உள்ஒதுக்கீடும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அதே வேளையில், இந்த எதிர்வாதம் தஞ்சாவூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரே அளவில் பொருந்துவதால், இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை அதைக்கொண்டு நியாயப்படுத்த இயலாது.

மருத்துவக் கல்லூரிகளில் தீர்ந்த கணக்கு, கலை மற்றும் பொறியியல் கல்லூரிகளில் வேறு தலைப்புகளில் தொடர்கிறது. கல்லூரி வாங்கும் பணம் கல்விக் கட்டணம், ஆய்வகம், நூலகம் முதலியவற்றுக்கான சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம் எனப் பிரிந்திருப்பது. இவற்றுள் அரசு விலக்கியது முதலாவதை மட்டுமே. 2023-இல் அண்ணா பல்கலைக்கழகம், இணைவுபெற்ற பொறியியல் கல்லூரிகளில் ஒரு தாளுக்கு 150 ரூபாயாக இருந்த தேர்வுக் கட்டணத்தை 225 ஆக்கி, எதிர்ப்பு எழுந்ததும் அந்த நவம்பரில் நிறுத்திவைத்தது. அரசு மானியம் போதாத நிலையில், இணைவுக் கல்லூரிகளை உடைய பல்கலைக்கழகத்துக்குத் தேர்வுக் கட்டணமும் இணைவுக் கட்டணமும் முதன்மை வருவாயாகிவிடுவதே இத்தகைய உயர்வுகளின் வேர்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கலைஞர் பல்கலைக்கழகம் அமைப்பதற்கு 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, தற்போது திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள டெல்டாக் கல்லூரிகளைப் பிரித்துப் புதிய பல்கலைக்கழகத்தோடு இணைக்க வகைசெய்கிறது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கியதால் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. துணைவேந்தரை யார் நியமிப்பது, எந்தப் பெயரை வைப்பது என்பவையே பொதுவெளியில் மிகுதியாகப் பேசப்பட்டன. பிரிக்கப்படும் கல்லூரிகளோடு தேர்வுக் கட்டண வருவாயும் பிரியும்போது பழைய பல்கலைக்கழகம் எதைக்கொண்டு நடக்கும், ஓய்வூதியமும் கட்டடமும் ஊதியமுமாகப் புதியதற்கு ஆகும் செலவில் அரசு மானியம் எத்தனை பங்கு என்பன இன்னும் விவாதத்துக்கு வரவில்லை. அந்தப் பங்கு சட்டத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் எண்ணாக எழுதப்படாவிட்டால், எஞ்சியதை மாணவரே தாளுக்குத் தாள் கட்டுவார்கள். அந்த எண்ணைப் பல்கலைக்கழகம் திறக்கும் முன்னரே கேட்டுப் பெறுவது, திறந்த பிறகு இரண்டு மாதம் வளாகத்தில் உட்கார்ந்து பெறுவதைவிட எளிது.

(தொடரும். அடுத்த பகுதி: தொலைநிலைக் கல்வி டெல்டாவின் பல்கலைக்கழகங்களுக்கு ஈட்டித் தந்த பொருளும் விட்டுச் சென்ற சுமையும்)