மலைக்குக் கொண்டுபோகும் அலுமினியச் சட்டி

புசல்லாவையில் அலுமினியச் சட்டியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், முதலில் கையிலிருக்கும் தேநீரைப் பற்றிப் பேச வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கும் செடி. அந்த மண்ணில் கரைந்து நிற்கும் அலுமினியத்தை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பது அதன் இயல்பு. முற்றிய இலையில் கிலோவுக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் வரை சேர்ந்துவிடும். கொழுந்தில் அதைவிட மிகக் குறைவு. வடித்த தேநீரில் லீற்றருக்குச் சில மில்லிகிராம் இறங்குகிறது. இலங்கையின் முதல் தேயிலை நடுகைகளில் ஒன்று புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில்தான் நடந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக்குவதற்கு 26 ஆண்டுகள் முன்பே, 1841இல், மோரிஸ் வேர்ம்ஸ் சீனத் தேயிலைக் கன்றுகளை இங்கே நட்டார். அன்றிலிருந்து இந்தச் சரிவுகள் எத்தனையோ தலைமுறைக்குத் தேநீர் கொடுத்திருக்கின்றன. லயத்து அடுப்பில் அந்தத் தேநீருக்குத் தண்ணீர் கொதித்ததும் பெரும்பாலும் அலுமினியக் கேத்தலில்தான்.

அலுமினியச் சட்டி பாதுகாப்பானதா என்ற கேள்வியை இப்போது புதிதாகக் கேட்பவர்கள் இளைஞர்கள். விடுமுறை கிடைத்தால் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் ரிவஸ்டனுக்கும் ஹோர்டன் சமவெளிக்கும் போகிறார்கள். வீட்டு அலுமினியச் சட்டியை எடுத்துப்போகலாமா, அது நஞ்சா என்று யோசிக்கிறார்கள். கைபேசிக்கு வரும் செய்திகளில் பாதி மூளை நோய் வரும் என்று பயமுறுத்துகின்றன. மீதி ஒன்றுமே ஆகாது என்று அடித்துச் சொல்கின்றன. விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. புசல்லாவையைத் தாண்டிச் செல்லும் அதே ஏ5 வீதி தொடங்கும் பேராதனையிலும், கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையிலும் இந்தச் சட்டியைப் பற்றிய ஆய்வு உலகம் கவனிக்கும் அளவுக்கு நடந்திருக்கிறது.

1987 ஜனவரியில் பிரித்தானியாவின் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. எழுதியவர்கள் கீர்த்தி தென்னகோனும் எஸ். விக்ரமநாயக்கவும். தென்னகோன் பின்னாளில் ஹந்தானை அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்த பௌதிகவியலாளர். புளிப்பான தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் புளோரைட்டு மட்டும் இருந்தாலே போதும், அலுமினியப் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதித்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் அலுமினியம் கரைந்துவிடும் என்றது அந்தக் குறிப்பு. பற்சிதைவைத் தடுக்கக் குழாய்த் தண்ணீரில் புளோரைட்டு கலக்கும் நாடுகளில் கவலை எழுந்தது. வேறு ஆய்வுகூடங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தன. அந்த அளவு யாருக்கும் கிடைக்கவில்லை. அதே ஆண்டிலேயே, அதே இதழில், தென்னகோனும் விக்ரமநாயக்கவும் தங்கள் எண்களைத் திருத்தி எழுதினார்கள். அறிவியல் நடக்க வேண்டிய முறை இதுதான். ஆனால் முதல் செய்தி பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை.

இரண்டாவது ஆய்வு இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா பக்கத்து விவசாயிகளை 1990களிலிருந்து காரணம் தெரியாத சிறுநீரக நோய் வாட்டிவருகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெருமவும் அவரோடு சேர்ந்த தர்மகுணவர்தன, ஹேரத் ஆகியோரும் 2009இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அந்தப் பகுதிக் கிணறுகளில் புளோரைட்டு அதிகம். அங்கே புழங்கும் அலுமினியப் பாத்திரங்களில் தரம் குறைந்தவையும் பல. இரண்டும் சேரும்போது உருவாகும் அலுமினிய புளோரைட்டுச் சேர்மங்கள் நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். இது இன்றுவரை நிரூபிக்கப்பட்ட முடிவல்ல. கிணற்று நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், கன உலோகங்கள், வெயிலில் உடல் வற்றுதல் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஆனாலும் அந்தக் கட்டுரை கைகாட்டிய இடம் முக்கியமானது. எல்லாச் சட்டியும் ஒன்றல்ல. எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. மழை வளமுள்ள மலைநாட்டு ஓடைகளில் புளோரைட்டு பொதுவாகக் குறைவு. அநுராதபுரத்து ஆழ்கிணற்றுக்கும் புசல்லாவை ஊற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

சரி, ஒருவர் எவ்வளவு அலுமினியத்தைத் தாங்கலாம்? உணவிலும் நீரிலும் எல்லா வழியிலும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2011இல் வரம்பு வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2008இல் வைத்த வரம்பு இன்னும் கண்டிப்பானது: கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கில் 120 மில்லிகிராம், இரண்டாவதில் 60. பாத்திரத்திலிருந்து உணவுக்கு இறங்கலாம் என்று ஐரோப்பிய அவை வைத்திருக்கும் எல்லை, ஒரு கிலோ உணவுக்கு 5 மில்லிகிராம். அந்த எல்லை வரை கசிந்த குழம்பை ஒருவர் நாளுக்கு அரைக் கிலோ வீதம் வாரம் முழுக்கச் சாப்பிட்டாலும் 17.5 மில்லிகிராம்தான் சேரும். அதிலும் குடல் உறிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. மிச்சம் வெளியேறிவிடும். உறிஞ்சப்பட்டதிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

இதே கணக்கு இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மாறிப்போகிறது. ஐரோப்பிய வரம்புப்படி அந்தப் பிள்ளைக்கு வாரம் 20 மில்லிகிராம்தான். அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் புளிக்குழம்பை அலுமினியத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பான விதி. 1970களில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்ட நோயாளிகளுக்கு ஒரு வகை மூளைப் பாதிப்பு வந்தது. சிகிச்சைக்குப் பயன்பட்ட தண்ணீரிலும் மருந்திலும் இருந்த அலுமினியம் வெளியேற வழியின்றி உடலில் தேங்கியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அல்சைமர் நோய்க்கும் சட்டிக்கும் முடிச்சுப் போடும் பேச்சும் அதே பத்தாண்டில்தான் வலுத்தது. நல்ல சிறுநீரகம் உள்ள ஒருவருக்குச் சமையல் பாத்திரத்தால் அல்சைமர் வருகிறது என்று இதுவரை எந்த ஆய்வும் உறுதிப்படுத்தவில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று: காரீயம். பழைய வாகன இயந்திர உறுப்புகள், ரேடியேட்டர்கள், தகரக் கழிவுகள் எல்லாவற்றையும் உருக்கி மணல் அச்சில் வார்க்கும் சட்டிகள் ஏழை நாடுகள் பலவற்றில் விற்கின்றன. ஆசியா, ஆபிரிக்கா, மத்திய அமெரிக்காவின் பத்து நாடுகளிலிருந்து 42 அலுமினியப் பாத்திரங்களை வாங்கி ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மென்மையான அமிலத்தைக் கொதிக்கவைத்துச் சமையலைப் போலச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் கவலைப்படும் அளவுக்குக் காரீயத்தைக் கசியவிட்டன. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை, இந்தியா இருந்தது. 2025 ஓகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் எனப்படும் அலுமினியக் கலப்புலோகப் பாத்திரங்களில் காரீயம் கசிவதாக எச்சரித்தது. அலுமினியத்துக்குப் பாதுகாப்பு எல்லை என்று ஒன்று உண்டு. காரீயத்துக்கு, அதுவும் பிள்ளைகளின் மூளைக்கு, அப்படி ஒரு எல்லையே கிடையாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பெயரோ முத்திரையோ இல்லாத, சொரசொரப்பான வார்ப்புச் சட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தகட்டை அழுத்தி எடுத்த, தயாரிப்பாளர் பெயர் பொறித்த பாத்திரம் அதைவிட நம்பகமானது. இந்திய அரசு 2024இல் அலுமினிய, எவர்சில்வர் பாத்திரங்களுக்குத் தர முத்திரையைக் கட்டாயமாக்கியது.

இனி மலைக்கு வருவோம். அங்கே அலுமினியத்தின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. எவர்சில்வரின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். வெப்பத்தைக் கடத்துவதிலோ ஏறத்தாழ பதினைந்து மடங்கு கெட்டி. மெல்லிய எவர்சில்வர் சட்டியில் சுவாலை படும் இடத்தில் மட்டும் சோறு தீயும். அலுமினியத்தில் சூடு பரவிவிடுவதால் சோறு சீராக வேகும். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் உகந்தைக்கு அப்பால் குமண காட்டுக்குள் நாட்கணக்காகச் சமைத்துச் சாப்பிட்டபடியே போகிறார்கள். முகாமிட்டுச் சமைக்கும் கலையில் நம்மவருக்கு அவர்களைவிடப் பெரிய ஆசிரியர் இல்லை. தலையில் தூக்க வேண்டிய சுமையைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு மெல்லிய பாத்திரத்தின் அருமை தெரியும்.

உயரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். ஹோர்டன் சமவெளியில், 2,100 மீட்டருக்கு மேலே, தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முதல்நாளே ஊறவைத்த மைசூர்ப் பருப்பு, இறுக்கமான மூடி, முடிந்தால் ஒரு சிறு அலுமினிய பிரஷர் குக்கர் என்று போகிறவர்களுக்கு எரிவாயு மிஞ்சும். பத்தனைப் புல்வெளிகள் வறட்சிக் காலத்தில் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஆகவே விறகு மூட்டாமல் சின்ன எரிவாயு அடுப்பைக் கொண்டுபோவதே மலைக்குச் செய்யும் மரியாதை.

சட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்டே உருவாகும் ஒக்சைட்டுப் படலம் சில நனோமீட்டர் தடிப்புத்தான். ஆனால் உணவுக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்பது அதுவே. புளியும் கொறுக்காயும் தேசிக்காயும் தக்காளியும் அதைக் கரைக்கும். உப்பு அதில் நுண்குழிகள் போடும். சாம்பலும் கரைக்கும், ஏனென்றால் சாம்பல் காரம். தும்பும் சாம்பலும் கொண்டு உட்புறத்தைப் பளபளக்கத் தேய்க்கும் வழக்கம் அலுமினியத்துக்கு ஆகாது. உள்ளே கறுத்துப்போவது தண்ணீரிலுள்ள தாதுக்களால் வருவது. அதனால் கேடு இல்லை, விட்டுவிடலாம். வெளிப்புறக் கரிக்கு, அடுப்பில் ஏற்றும் முன் சவர்க்காரத்தைப் பூசிவைத்தால் கழுவும்போது கரி தானாக வரும். 660 பாகையில் உருகும் உலோகம் இது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை ஆபத்தில்லை. வெறும் சட்டியை விறகுத் தணலில் மறந்துவிட்டால் அடி வளைந்துவிடும்.

ஆகவே இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு நல்ல அலுமினியச் சட்டியைத் தயங்காமல் கொண்டுபோகலாம். சோறு, பருப்பு, நூடில்ஸ், தேநீருக்குத் தண்ணீர், கிழங்கு எல்லாம் அதில் சமைக்கலாம். மீன் புளிக்குழம்பையும் ரசத்தையும் அதில் வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் கொதித்து இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். எந்தச் சாப்பாட்டையும் இரவு முழுக்க அதில் வைக்கக் கூடாது. அடிக்கடி போகிறவர்கள் கொஞ்சம் பணம் கூடினாலும் ஹார்ட் அனோடைஸ்ட் சட்டி வாங்கலாம். அதில் ஒக்சைட்டுப் படலத்தைத் தொழிற்சாலையிலேயே மின்சாரத்தால் தடிப்பாக்கியிருக்கிறார்கள், புளிப்பு அதைச் சுலபமாகத் தொடாது.

வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தால் அவருடைய சமையலுக்கு எவர்சில்வரையோ மண்சட்டியையோ வைத்துக்கொள்ளுங்கள். கம்பளையிலும் புசல்லாவையிலும் சந்தைகளில் விற்கும் பெயரில்லாச் சட்டிகளைக் காரீயத்துக்காகச் சோதித்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் நம் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும் முன்வர வேண்டும்.