அடுத்த பேஸ் வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள்

ஐந்து வருடத்தில் இரண்டு பேஸ் கிட்டார், இரண்டு ஆம்ப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். மேடை ஏறியது இரண்டே முறை, இரண்டுமே ஆபீஸ் ஆண்டு விழா. வீட்டில் யாராவது இந்தக் கணக்கைக் கேட்பதற்கு முன்னால் நானே போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிடைத்த விடை கொஞ்சம் கசப்பானது. செலவில் பாதிக்கு மேல் என் படுக்கையறையின் நீளத்தால் வந்த செலவு. இசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இளையராஜா பாடல்களில் பேஸை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பழகி, நாற்பதை நெருங்கும்போது கையில் எடுத்தவர்கள் நம்மூரில் நிறைய. நானும் அந்தக் கூட்டம்தான். அறையின் நடுவில் நாற்காலி போட்டு வாசிப்பேன். ஈ, டி, ஜி ஸ்ட்ரிங் எல்லாம் சரியாகக் கேட்கும். ஓப்பன் ஏ மட்டும் ஒல்லியாக, உயிரே இல்லாமல் ஒலிக்கும். விலை குறைந்த பேஸ், அதனால்தான் இப்படி என்று முடிவு செய்து புதிது வாங்கினேன். புது ஸ்ட்ரிங்கின் பளபளப்பில் ஒரு வாரம் சந்தோஷம். அப்புறம் அதே ஒல்லி ஏ.

சரி, ஆம்ப்தான் காரணம் என்று பெரிய ஆம்ப் வாங்கினேன். நடுவில் வைக்க இடமில்லாததால் அது மூலைக்குப் போனது, நாற்காலி சுவரோரம் போனது. இப்போது ஏ அடித்தால் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது! மற்ற சுரங்களை எல்லாம் அது ஒன்றே விழுங்கிவிடும். மூன்றாவது ஆம்ப் தேட ஆரம்பித்த சமயத்தில், நல்லவேளையாக, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார்கள். எல்லாவற்றையும் ஹாலுக்கு நகர்த்தினோம். அங்கே போட்டு வாசித்தால், இரண்டு பேஸிலும் இரண்டு ஆம்பிலும் ஏ சாதாரணமாக இருக்கிறது.

மென்பொருள் வேலையில் இதை தினமும் பார்க்கிறோம். கோடில் தப்பில்லை, அது ஓடும் சூழலில்தான் தப்பு. பதினெட்டு வருடம் இதே வேலை செய்தும் எனக்கு இது உறைக்கப் பெயின்டர் வர வேண்டியிருந்தது.

இனி காரணம். ஓப்பன் ஏயின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். நம்மூர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு இடையில், அலைநீளத்தில் சரிபாதி அடங்கும் அதிர்வெண்ணில் ஒலி முன்னும் பின்னும் மோதி நிலைத்த அலையாக நின்றுவிடும். என் அறை பத்தரை அடி, அதாவது 3.2 மீட்டர். 349-ஐ 6.4-ஆல் வகுத்தால் 54.5 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அப்படியே ஏ! அறை சதுரமாக வேறு இருப்பதால் நீளம், அகலம் இரண்டும் ஒரே இடத்தில் போய் விழுகின்றன.

இந்த நிலைத்த அலையின் அழுத்தம் சுவரோரம் மிக அதிகம், சரிநடுவில் மிகக் குறைவு. நடுவில் உட்கார்ந்தபோது ஏ காணாமல் போனது அதனால்தான். மூலையில் வைத்த ஆம்ப் இந்த அலையை நன்றாகக் கிளப்பிவிடும், சுவரோரம் உட்கார்ந்த காதுக்கு அது முழுசாக வந்து சேரும். நான் வாங்கிய புது பேஸ் பழைய குறையை அப்படியே காட்டியது. புது ஆம்போ குறையைத் தலைகீழாக்கியது, அவ்வளவுதான்.

சுவரில் முட்டை அட்டையோ மெல்லிய ஸ்பாஞ்சோ ஒட்டினால் சரியாகுமா? ஆகாது. 55 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீட்டருக்கும் மேல். இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் அதற்கு இருப்பதே தெரியாது. செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், நாற்காலியை நடுவிலும் போடாமல் சுவரோரமும் போடாமல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் போடுங்கள், பேஸ் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். என் அறையில் இதிலேயே பெரும்பகுதி சரியாகிவிட்டது.

உங்கள் பிரச்சினை அறையா, கருவியா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பேஸில் ஒரே சுரம் பல இடங்களில் கிடைக்கும். ஓப்பன் ஏயும் ஈ ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டும் ஒரே சுரம். இரண்டுமே ஒரே மாதிரி மோசமாக இருந்தால் அறையைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் மோசம் என்றால் கருவியைப் பாருங்கள். பிறகு இன்டர்ஃபேஸ் வழியாக ஹெட்ஃபோனில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஹெட்ஃபோனுக்குள் அறை கிடையாது.

கருவி என்று தெரிந்தாலும் உடனே விற்க வேண்டாம். ஃபெண்டர் பாணி பேஸ்களில் ஜி ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரை எங்காவது ஒரு சுரம் சீக்கிரம் அடங்கிப்போவது சகஜம். கழுத்து மரத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. விலை உயர்ந்த பேஸிலும் இது உண்டு. தலைப்பகுதியில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டிப் பாருங்கள், எடை மாறுவதால் அந்த இடம் நகரும். மற்றபடி ‘கிர்’ என்று உரசுவது, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகுவது, ஒரு ஸ்ட்ரிங் மட்டும் சத்தம் குறைவாக இருப்பது எல்லாம் செட்அப் பிரச்சினைகள். ட்ரஸ் ராட், பிரிட்ஜ், பிக்கப் உயரம் ஆகிய மூன்றையும் நல்ல டெக்னீஷியன் ஒருவரிடம் கொடுத்துச் சரி செய்யுங்கள், புது ஸ்ட்ரிங் போடுங்கள். சென்னை மாதிரி கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்த ஊரில் ஸ்ட்ரிங் சீக்கிரம் மங்கிவிடும். மங்கிய ஸ்ட்ரிங்கைத்தான் பல பேர் ‘பழைய பேஸ்’ என்கிறோம்.

அடுத்து ஆம்பின் வாட் கணக்கு. 100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு வித்தியாசம் தெரியும், ஆனால் இரண்டு மடங்காகத் தெரியாது. இரண்டு மடங்கு சத்தமாக உணர ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். டிரம்ஸோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 200, 300 வாட் நியாயம். தாழ்ந்த ஒலிகளில் நம் காது மந்தம், பேஸுக்குச் சக்தி அதிகம் தேவை. படுக்கையறைக்கு 20, 30 வாட்டே ஏராளம்.

ரெக்கார்டிங் பக்கம் வருவோம். இங்கே போவது பணம் மட்டும் இல்லை. ஆபீஸில் ஒரு தம்பி, நன்றாக வாசிப்பவன். கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆரம்பித்ததும், “அண்ணா, எனக்குத் தாளமே நிக்க மாட்டேங்குது” என்றான். இன்டர்ஃபேஸை மாற்றினான், அப்படியும் சரியாகவில்லை. கடைசியில் பேஸையே விற்றுவிட்டான். பல மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் கேட்டபோது தெரிந்தது, பஃபர் 1024-இல் இருந்திருக்கிறது. 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லிசெகண்ட். ஆம்பிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். அதுவும் உள்ளே போகும் வழிக்கு மட்டும், வெளியே வர இன்னொரு பங்கு. அப்படி யார் வாசித்தாலும் தாளம் நழுவும். 128-க்கு மாற்றினால் 3 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும், இல்லையென்றால் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினாலே போதும். முதல் நாளே நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவன் மறுபடி பேஸைத் தொடவில்லை.

இன்னொரு பொத்தானும் இருக்கிறது. பேஸைச் செருகும்போது இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்பதை அழுத்த வேண்டும். பேட்டரி இல்லாத பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவில் இன்புட் தேவை. லைன் இன்புட் பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும், மேல் ஒலிகள் மழுங்கிப்போகும். இதையும் பல பேர் பிக்கப்பின் குறை என்று நினைத்துப் பிக்கப்பை மாற்றுகிறார்கள்.

ஃபோனில் டெமோ வீடியோ பார்த்து பேஸ் தேர்ந்தெடுப்பதும் இதே ரகம். ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை 41.2 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரால் அதை வாசிக்கவே முடியாது. மேலே இருக்கும் மடங்குகளை மட்டும் கேட்டு, இல்லாத அடிப்படையை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. நாம் ஒப்பிடுவது பேஸின் மேல்பாதியை மட்டும்தான்.

ஜேம்ஸ் ஜேமர்சன் டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்துக்காக 1960களில் வாசித்தவர். பேஸ் வாசிப்பவர்கள் இன்றும் பாடமாகக் கேட்பது அவரைத்தான். புகழ்பெற்ற பதிவுகளில் பெரும்பாலானவற்றில் அவர் கையில் இருந்தது ஒரு 1962 ஃபெண்டர் பிரிசிஷன். அதில் தடித்த ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங், அதை மாற்றவே மாட்டார். ஸ்டுடியோவில் பேஸை நேராக மிக்ஸரில் செருகிப் பதிவு செய்தார்கள். வலது கையில் பெரும்பாலும் ஒரே விரல். கருவி முக்கியம் இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல கருவிதான், நல்ல ஸ்டுடியோதான். ஆனால் அதை அவர் மாற்றிக்கொண்டே இருக்கவில்லை.

அப்படியென்றால் எப்போது வாங்கலாம்? இருப்பதால் செய்யவே முடியாத ஒன்று தேவைப்படும்போது. ஈக்குக் கீழே போகும் பாடல்கள் வாசிக்க வேண்டுமென்றால் ஐந்து ஸ்ட்ரிங் பேஸ், அதன் தாழ்ந்த பி 30.9 ஹெர்ட்ஸ் வரை போகும். 34 அங்குல ஸ்கேலில் கை வலிக்கிறதென்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல், தள்ளிப்போடாமல் வாங்குங்கள். டிரம்மரோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தால் பெரிய ஆம்ப். ‘சவுண்ட் சரியில்லை’ என்பது மட்டும் காரணம் என்றால், முதலில் நாற்காலியை நகர்த்துங்கள்.

என் இரண்டாவது ஆம்பை விற்றுவிட்டேன். முதல் பேஸுக்குப் புது ஸ்ட்ரிங் போட்டு, செட்அப் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்தத் தம்பி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.