காணாமல் போன வீடியோக்கள்: அழிப்பதற்கு முன் தேடுங்கள்



கடந்த மாதம் கணனி பற்றிய எமது உரை முடிந்ததும் நேயர் அக்கா ஒருவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வீட்டிலிருந்த பழைய வீடியோ கசெற்றுகளை அவருடைய மகன் கணனிக்கு மாற்றியிருந்தார். பிறகு நிலக்கீழ் அறையில் இருந்த ஒரு பழைய கணனியில் ஜெலிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அவற்றை வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கும்படி செய்திருந்தார். மொத்தம் 14 வீடியோக்கள். தொலைக்காட்சியில் தெரிந்தவையோ 9 மட்டும்.

"தம்பி, அம்மாவின்ர குரல் அதில ஒன்றிலதான் இருக்கு. வாற கிழமை அம்மாவின்ர ஆண்டுத் திவசம். அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். கசெற்றுகளையும் எறிஞ்சு போட்டம்" என்றார். மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு நின்றாராம்.

"அக்கா, ஒன்றையும் தொட வேண்டாம் என்று மகனிட்டைச் சொல்லுங்கோ" என்பதுதான் நான் முதலில் சொன்னது. ஏன் என்பதை இங்கே விளக்குகிறேன். இன்று எம்மவர் பலருடைய வீடுகளில் இப்படியான சேர்வர்கள் வந்துவிட்டன.

பட்டியல் வேறு, பொருள் வேறு

ஒரு நூலகத்தில் புத்தகங்கள் அலுமாரியில் இருக்கும். அவற்றின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருக்கும். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அலுமாரியில் புத்தகம் இல்லை என்றாகாது. ஜெலிஃபின், பிளெக்ஸ் போன்றவையும் அப்படித்தான். வீடியோ வன்தட்டில் ஒரு போல்டரில் கிடக்கிறது. சேர்வர் அந்தப் போல்டரை வாசித்துத் தனக்கென ஒரு பட்டியல் எழுதிக்கொள்கிறது. தொலைக்காட்சியில் நீங்கள் காண்பது அந்தப் பட்டியலைத்தான்.

எனவே முதல் வேலை, கணனியில் அந்தப் போல்டரை நேரடியாகத் திறந்து கோப்புகளை எண்ணுவது. ஒவ்வொன்றையும் வீஎல்சி போன்ற ஒரு மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் உங்கள் வீடியோ பத்திரமாக இருக்கிறது. குறை பட்டியலில்தான்.

ஒரு கடும் எச்சரிக்கை. ஜெலிஃபினில் ஒரு வீடியோவைத் தெரிவு செய்து "டிலீட்" கொடுத்தால், அது பட்டியலில் இருந்து மட்டுமல்ல, வன்தட்டில் இருந்தும் அழிந்துவிடும். லைப்ரரி முழுவதையும் அமைப்புப் பகுதியில் இருந்து நீக்கினால் பட்டியல் மட்டுமே போகும், கோப்புகள் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

எங்கே தேடுவது?

முதலாவது, லைப்ரரியின் வகை. லைப்ரரி உருவாக்கும்போது அது சினிமாப் படமா, தொடரா, வீட்டு வீடியோவா என்று சேர்வர் கேட்கும். பலர் "மூவிஸ்" என்று கொடுத்துவிடுகிறார்கள். அப்போது "கல்யாணம்" என்ற போல்டருக்குள் "கல்யாணம் - காலை", "கல்யாணம் - தாலிகட்டு", "கல்யாணம் - வரவேற்பு" என்று மூன்று கோப்புகள் இருந்தால், அவை ஒரே படத்தின் மூன்று பிரதிகள் என்று ஜெலிஃபின் எண்ணிவிடும். பட்டியலில் ஒன்றுதான் தெரியும். மற்ற இரண்டும் அதற்குள்ளே, பிரதியைத் தெரிவு செய்யும் இடத்தில் இருக்கும். இதற்கு வழி, "ஹோம் வீடியோஸ் அண்ட் ஃபோட்டோஸ்" என்ற வகையில் புதிய லைப்ரரி ஒன்றை உருவாக்கி அதே போல்டரைக் காட்டுவது. பிளெக்ஸில் இதற்கு "அதர் வீடியோஸ்" என்று பெயர்.

இரண்டாவது, அனுமதி. லினக்ஸ் கணனியில் ஜெலிஃபின் தனக்கென ஒரு பயனர் பெயரில் இயங்கும். வேறு கணனியில் இருந்து கொண்டுவந்த போல்டரை அதன் சொந்தக்காரர் மட்டுமே திறக்கலாம் என்று இருந்தால், சேர்வர் வாசலில் நின்று திரும்பிவிடும். தொலைக்காட்சியில் எந்த அறிவித்தலும் வராது. போல்டரைத் திறக்கவும் கோப்பை வாசிக்கவும் சேர்வரின் பயனருக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியே செருகும் வன்தட்டு. விண்டோஸில் நேற்று "ஈ" என்று இருந்த தட்டு, கழற்றிச் செருகியபின் "எஃப்" ஆகிவிடலாம். சேர்வர் பழைய இடத்திலேயே தேடும்.

நான்காவது, யாருடைய கணக்கு. மகனின் கணக்கில் தெரிவது தாத்தாவின் கணக்கில் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் எந்த லைப்ரரி தெரிய வேண்டும் என்று தனித்தனியே குறிக்க வேண்டும். பிள்ளைகளின் கணக்கில் தரச்சான்று இல்லாத படங்களைத் தடுத்திருந்தால் வீட்டு வீடியோக்களும் மறைந்துவிடலாம். அம்மம்மாவின் வீடியோவுக்கு யார் தரச்சான்று கொடுத்தார்கள்?

ஐந்தாவது, கோப்பின் வகை. டிவிடி இறுவட்டை அப்படியே பிரதி செய்த போல்டரைப் பிளெக்ஸ் ஏற்றுக்கொள்ளாது. ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் எம்பி4 அல்லது எம்கேவி வகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றைச் சரிசெய்தபின் ஜெலிஃபினின் டாஷ்போர்ட் பகுதியில் "ஸ்கான் ஆல் லைப்ரரிஸ்" என்பதை அழுத்துங்கள். வீடியோக்கள் வேறு கணனியிலோ வலையமைப்புத் தட்டிலோ இருந்தால், புதிதாக வந்ததைச் சேர்வர் தானாக உடனே கவனிக்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.

அக்காவின் வீட்டில் நடந்தது

நான் சொன்னபடி மகன் போல்டரைத் திறந்து எண்ணினார். 14 கோப்புகளும் இருந்தன. இரண்டு, கல்யாண வீடியோவுக்குள் ஒளிந்திருந்தன. மற்ற மூன்றும் மகனின் பழைய மடிக்கணனியில் இருந்து வந்த போல்டரில், அனுமதி இல்லாமல் கிடந்தன. அம்மாவின் வீடியோ அந்த மூன்றில் ஒன்று. அழித்துத் தொடங்கியிருந்தால் திரும்பி எடுக்கக் கசெற்றும் இல்லை.

சேர்வர் பிரதி அல்ல

வீடியோ சேர்வரில் இருப்பதால் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு வன்தட்டு பழுதானால் எல்லாம் போய்விடும். கணனித்துறையினர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வேறுவகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். ஒரு வன்தட்டில் பதிந்து அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். கசெற் இன்னும் கையில் இருந்தால் எறியாதீர்கள். ஆனால் மாற்றுவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் கருவிகளும் பழுதாகிக்கொண்டே போகின்றன.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது கலியாண அல்பத்தை அலுமாரியில் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அன்று எடுத்துவர நேரம் இருக்கவில்லை. இன்று எமக்கு நேரம் இருக்கிறது. இந்த வார விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளோடு இருந்து உங்கள் போல்டரைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.