ஹாட் டப்பில் ஜெட் சுத்தலையா? முறுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அமெரிக்காவின் புறநகர் வீடுகளில் ஹாட் டப் என்பது பெரிய ஆடம்பரம் எல்லாம் இல்லை. வீடு வாங்கும்போது, முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பத்துப் பதினைந்து வருஷப் பழைய டப்பும் சேர்ந்தே வருவது உண்டு. மூடியைத் திறந்து, சுடுதண்ணீரில் உட்கார்ந்து, முதுகுப் பக்கம் இருக்கும் ஜெட்டைத் திருப்பினால் அசையாது. உடனே கொறடை எடுத்து வந்து முறுக்கத் தோன்றும். செலவு ஆரம்பிப்பதே அங்கேதான்.

காரணம், ஜெட் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. கையால் திருப்பும் முகப்புப் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றிவிடலாம், விலையும் குறைவு. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் கூடு, டப்பின் சுவரில் பதிக்கப்பட்டு, பின்னால் தண்ணீர்க் குழாயோடும் காற்றுக் குழாயோடும் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். பல மாடல்களில் அதைச் சுற்றி வெப்பம் காக்கும் நுரை வேறு நிரப்பியிருப்பார்கள். முகப்பு உடைந்தால் சின்ன வேலை. கூடு உடைந்தால் நுரையைத் தோண்டி, குழாயை அறுத்து, மறுபடி ஒட்ட வேண்டும்.

ஏன் சிக்கிக்கொள்கிறது?

கீசர் வைத்திருக்கும் சென்னைவாசிகளுக்கு வில்லன் பழக்கமானவர்தான்: கடின நீரின் சுண்ணாம்பு. சர்க்கரை மாதிரி இது சூட்டில் கரையாது. தண்ணீர் சூடாகச் சூடாக கால்சியம் கார்பனேட் பிரிந்து படியும். ஹாட் டப் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸ் வரை போகும். போதாததற்கு, குமிழி விடும்போது தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி, பிஹெச் அளவு ஏறும். படிவு இன்னும் வேகமாகும். குளோரினிலும் சூட்டிலும் பல வருஷம் ஊறிய பிளாஸ்டிக் வேறு மொறுமொறுப்பாகிவிடும்.

மசாஜ் போனால் போகட்டும் என்று அப்படியே விடலாமா? பாதி மூடிய நிலையில் சிக்கிய ஜெட்டுக்குப் பின்னால் தண்ணீர் சரியாக ஓடாது. குளோரினும் போய்ச் சேராது. குழாய்க்குள் வழவழவென்று பாக்டீரியாப் படலம் வளரும். பராமரிப்பு இல்லாத டப்பில் லெஜியோனெல்லா கிருமி வளர்ந்தால், ஜெட் கிளப்பும் நீர்த்துளிகளே அதைக் காற்றில் பரப்பும். 2019-ல் வட கரோலினாவில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் பிறகு 130-க்கும் மேற்பட்டோருக்கு லெஜியோனெல்லா தொற்று ஏற்பட்டு, 4 பேர் இறந்தார்கள். காட்சிக்கு வைத்திருந்த ஹாட் டப்களை வெறுமனே கடந்து நடந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம் என்று விசாரணையில் தெரிந்தது.

எப்படி விடுவிப்பது?

முதலில் மெயின் பிரேக்கரை அணைக்க வேண்டும். ஸ்விட்ச்சை மட்டும் அணைப்பது போதாது. பிறகு, ஜெட்டுக்குக் கீழே வரும்வரை தண்ணீரை இறக்கி, வெள்ளை வினிகரில் நனைத்த துணியை ஜெட்டின் மேல் சில மணி நேரம் அழுத்தி வைக்கலாம். வினிகரின் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: குளோரின் பவுடரோ பிளீச்சோ இருக்கும் இடத்தில் வினிகர் கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு வரும்.

ஊறியதும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கையாலேயே திருப்பிப் பார்க்கணும். முதலில் இறுக்கும் பக்கம் துளி, அப்புறம் கழற்றும் பக்கம் துளி. இப்படி மாற்றி மாற்றி அசைத்தால் படிவு நொறுங்கி வரும். வரலையா, மறுபடி வினிகர். பொறுமைதான் இங்கே டூல்! பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கம் திருப்பினால் கழலும். சிலது வெறும் கிளிப்பில் நிற்கும். அதனால் மாடலின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

முகப்போடு சேர்ந்து கூடும் சுத்துகிறதா? அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். பின்னால் சீல் விட்டுப்போகிறது என்று அர்த்தம். இனி மெக்கானிக் வேலை.

கழன்று வந்த முகப்பை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரவு முழுக்க ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவலாம். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். வாஸ்லின் வேண்டாம், பெட்ரோலிய வகைகள் சில ரப்பர்களை உப்ப வைத்துவிடும். உடைந்துபோயிருந்தால், பழைய பாகத்தையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜெட்கள் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்தாமல் போகும்.