தோலகட்டி முந்திரிகை மது

செந்நிற முந்திரிகை மது வாங்க விழையும் அன்பர்கள் பிரான்சு நாட்டுப் போத்தலையே தேடி அலைய வேண்டுவதில்லை. வசாவிளானை அடுத்த தோலகட்டியில், தோமஸ் அடிகளார் 1928ஆம் ஆண்டு நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் மது யாழ்ப்பாணத்தில் நெடுநாட் பெயர்பெற்றது. போரினால் 1990இல் துறவியர் இடம்பெயர நேர்ந்தும் அப்பெயர் மங்கவில்லை.

பழத்தோலுடன் சேர்ந்து நொதிப்பதனாலேயே மதுவுக்குச் செந்நிறமும் துவர்ப்பும் உண்டாகின்றன. ஆதலின், சாயமும் சர்க்கரையும் கூட்டப்பட்டனவா என்பதைப் போத்தற் குறிப்பில் வாசித்தறிந்தே வாங்குக. திறந்த போத்தலைச் சில நாட்களுள் முடித்துவிடுக; காற்றுப்பட்டால் வினாகிரியாகப் புளித்துவிடும்.

சிறுவர்க்கும் மாணவர்க்கும் மது ஆகாது. அவர்களுக்கென அதே ஆச்சிரமத்தின் நெல்லிரசம் உண்டு. நீர் கலந்து பருகுவதால் ஒரு போத்தல் குடும்பம் முழுவதற்கும் பலமுறை பயன்படும். சிறு செலவில் பெரும்பயன் தருவது அதுவே என்போம் நாம்.