அர்பத்நாட் நிறுவன வீழ்ச்சி

அர்பத்நாட் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் இயங்கிய ஆங்கிலேய வணிக, வங்கி நிறுவனமாகும். 1906 அக்டோபர் 22 அன்று இது பணம் கொடுப்பதை நிறுத்திக் கதவடைத்தது. இந்தியன் வங்கி தோன்றுவதற்கு இந்த வீழ்ச்சியே உடனடிக் காரணமாயிற்று.

பின்னணி

அக்காலச் சென்னையின் பெரிய வணிக நிறுவனங்களாக பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகியவை விளங்கின. அர்பத்நாட் ஏற்றுமதி வணிகத்தோடு பொதுமக்களிடம் வைப்புத்தொகையும் பெற்றது. அரசு ஊழியர், ஓய்வூதியர், ஜமீன்தார், வழக்கறிஞர் எனப் பலரும் அதில் சேமிப்பைப் போட்டிருந்தனர். பழம்பெரும் பெயரும், அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு அரசு வட்டாரத்தில் இருந்த மதிப்புமே அவர்களுக்குப் போதுமான உறுதியாகத் தோன்றின.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

அர்பத்நாட் ஒரு கூட்டாண்மை நிறுவனம். வரவுசெலவுக் கணக்கைப் பொதுமக்களுக்கு வெளியிடும் கட்டாயம் அதற்கு இல்லை. வைப்பாளர் கேட்டால் திருப்பித் தரவேண்டிய பணம், எளிதில் மீட்க முடியாத முதலீடுகளில் முடங்கியது. லண்டனில் அதன் கூட்டாளியான மக்பேடியன் ஊக வணிகத்தில் பெரும் நட்டமடைந்தார். 1906 அக்டோபரில் அவருடைய நிறுவனம் நொடித்தது. அவர் தற்கொலை செய்துகொண்டார். அதைத் தொடர்ந்து சென்னை நிறுவனமும் சரிந்தது.

விளைவுகள்

ஆயிரக்கணக்கானோர் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக் குற்றத்திற்காக 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். உள்ளூர் மக்களே நடத்தும் வங்கி தேவை என்ற எண்ணம் வலுப்பெற்றது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியாலும் நகரத்தார் வணிகர்களின் ஆதரவாலும் இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது.

இன்றைய பாதுகாப்பு

1906இல் வைப்பாளருக்குக் காப்பீடு ஏதும் இல்லை. இந்தியாவில் வங்கி வைப்புக் காப்பீடு 1962இல்தான் வந்தது. 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் போடும் பணத்துக்கு இக்காப்பீடு கிடையாது. அத்தகைய நிறுவனங்களில் ஏமாந்தோருக்காகத் தமிழ்நாடு அரசு 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

வரலாறு தரும் பாடம்

நிதி வரலாற்று நூல்களைப் படிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: மக்களின் பணம் எங்கே முதலீடு செய்யப்பட்டது? கணக்கை வெளியார் யாரேனும் தணிக்கை செய்தார்களா? எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? அர்பத்நாட்டின் வைப்பாளர்கள் இவற்றைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை தரும் சட்டம் அன்று இல்லை. இன்று கணக்கறிக்கையும் ரிசர்வ் வங்கியின் பதிவு விவரமும் எவரும் பார்க்கக்கூடியவை. கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லும் நிறுவனத்தில் பணம் போடும் முன் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.