சாதனங்களும் கோப்புகளே: லினக்ஸுக்கு மாறுவோர் கவனத்திற்கு

விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 இயங்குவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி விட்டுச்சென்ற சுமை இன்னும் இறங்காத நிலையில், புதிய கணனி வாங்குவது எல்லோராலும் இயலக்கூடிய காரியமன்று. எனவே வெள்ளவத்தையின் கல்வி நிலையமாயினும் கொட்டாஞ்சேனையின் அச்சகமாயினும், பழைய கணனியைக் கைவிடாமல் காப்பதற்குரிய நேர்மையான வழிகளுள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் ஒன்றாகும்.

திறந்த மூல மென்பொருள் இந்நாட்டிற்குப் புதியதன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் நிவாரணப் பணிகளை ஒழுங்குபடுத்துவதற்காக 'சஹானா' மென்பொருளை உருவாக்கி உலகுக்கு வழங்கியவர்கள் இலங்கையரே. ஆயினும், லினக்ஸில் வன்பொருள்கள் எவ்வாறு ஆளப்படுகின்றன என்பதை அறியாமல் அதில் கைவைப்போர், பல வருட உழைப்பை ஒரு நொடியில் இழக்க நேரிடலாம் என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ஸன், டெனிஸ் ரிட்சி ஆகியோர் தொடக்கிவைத்த யுனிக்ஸ், வன்தட்டு, அச்சுப்பொறி, விசைப்பலகை போன்ற சாதனங்களையும் கோப்புகளாகவே காட்டியது. அதே வழியில் வந்த லினக்ஸில் இக்கோப்புகள் 'டெவ்' என்னும் கோப்புறையில் இருக்கின்றன. இவற்றினுள் தரவு எதுவும் இல்லை. சாதனத்தின் வகையும் இரண்டு இலக்கங்களுமே உள்ளன. முதலாவது இலக்கம் எந்த இயக்கி மென்பொருளை அழைக்க வேண்டும் என்பதையும், இரண்டாவது அவ்வியக்கியின் கீழுள்ள எந்தச் சாதனம் என்பதையும் கூறும். 'எஸ்டிஏ' எனும் முதல் வன்தட்டு 8, 0 ஆகும். 'எஸ்டிபி' எனும் இரண்டாவது 8, 16 ஆகும். காலி வீதியில் தபாற்காரர் வீட்டுப் பெயரைப் பாராமல் வீதியையும் இலக்கத்தையும் பார்ப்பது போல, முறைமையும் இலக்கங்களையே பார்க்கிறது. பெயர் நமது வசதிக்கானது மட்டுமே.

முற்காலத்தில் இக்கோப்புகளை 'எம்கேநொட்' கட்டளையால் ஆக்கி வைத்தனர். இல்லாத சாதனங்களுக்கும் கோப்புகள் குவிந்து கிடந்தன. 2003இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் முதலானோர் உருவாக்கிய 'யூடெவ்' இந்நிலையை மாற்றியது. இப்போது சாதனத்தைச் செருகியதும் கோப்பு தோன்றுகிறது, கழற்றியதும் மறைகிறது. ஆனால் வன்தட்டுகளுக்கான பெயர்கள் கண்டறியப்படும் வரிசையிலேயே வழங்கப்படுவதால், இன்று 'எஸ்டிபி' எனப்பட்டது நாளை 'எஸ்டிஏ' ஆகவும் கூடும்.

ஆபத்து இங்குதான் இருக்கிறது. லினக்ஸை நிறுவுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்கும் 'டிடி' கட்டளை, "நிச்சயந்தானா?" என்று கேட்பதில்லை. ஓர் எழுத்துத் தவறினால் பென்டிரைவுக்குப் பதிலாக வன்தட்டின் மீதே எழுதிவிடும். கடைக் கணக்குகளும் குடும்பப் புகைப்படங்களும் மாணவரின் ஒப்படைகளும் அத்துடன் போய்விடும். ஆகவே முதலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் சாதனத்தின் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும். 'டெவ்' கோப்புறைக்குள் 'டிஸ்க்' என்பதன் கீழ், தயாரிப்பு மாதிரியும் தொடரிலக்கமும் கொண்ட நிலையான பெயர்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

அனுமதி விடயத்திலும் அவசரம் கூடாது. சாதனமொன்று இயங்க மறுத்தால், அதன் கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடுவதோ, அனைத்தையும் 'ரூட்' அதிகாரத்தில் இயக்குவதோ சிலரது வழக்கம். 'டெவ்' நினைவகத்தில் ஆக்கப்படுவதால் அத்தகைய மாற்றம் மறுதொடக்கத்துடன் நீங்கிவிடும். "லினக்ஸ் சரியில்லை" என்ற பழிச்சொல்லே எஞ்சும். உரிய பயனரை உரிய குழுவில் சேர்ப்பதே முறை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் தொடர்நிலைத் துறைவழியே இணையும் கருவிகளுக்கு 'டயல்அவுட்' குழு உண்டு. சிறப்புத் தேவைகளுக்கு யூடெவ் விதியொன்றை எழுதலாம். ஆனால் முழு வன்தட்டையும் ஆளும் 'டிஸ்க்' குழுவில் எவரையும் இலகுவில் சேர்த்துவிடக்கூடாது. அக்குழுவில் இருப்பவர் தனிக் கோப்புகளுக்குள்ள தடைகளைக் கடந்து எல்லாவற்றையும் வாசிக்கலாம், அழிக்கலாம். பலர் ஒரே கணனியைப் பகிரும் இடங்களில் இது பிறரது அந்தரங்கத்தைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

லினக்ஸ் பயிற்றுவிப்போர் திரையின் அழகைக் காட்டுவதோடு நின்றுவிடாது, இந்த அடிப்படையையும் முதல் வகுப்பிலேயே கற்பித்தல் வேண்டும். மாறுவோர் தமது தரவுகளை முன்கூட்டியே வேறொரு தட்டில் பிரதிசெய்து, அத்தட்டைக் கழற்றிவைத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். செலவில்லாமல் கிடைக்கும் மென்பொருளுக்கு நாம் செலுத்த வேண்டிய விலை, சற்று நிதானம் மட்டுமே.